ஒரு சோடிச் சுருள்வில்

தலைநகருக்குச் செல்லும் நம்மவர் செங்கோட்டையைக் காண்பர். குதுப்மினாரின் அடியில் நின்று படம் எடுத்துக்கொள்வர். சாந்தினி சௌக்கில் சேலை எடுப்பர். 2024 நவம்பரில் நாங்கள் தில்லி சென்றது இவற்றுள் எதற்காகவும் அன்று. ஐம்பது வயதைக் கடந்த ஒரு மோட்டார் சைக்கிளின் முன்புறத்துக்கு ஒரு சோடிச் சுருள்வில் வாங்கி வரவே சென்றோம். "இதற்கென்று ஒரு பிரயாணமா? அதைப் பற்றி ஒரு கட்டுரையா?" என்று அன்பர்கள் நகைக்கக்கூடும். ஓராண்டுக்கு முன்பாயின் நாங்களும் நகைத்திருப்போம்.

'நாங்கள்' என்பது அண்ணன் தம்பி இருவரைக் குறிக்கும். மூத்தவன் ஜான்சி இரயில் நிலையத்தின் பார்சல் அலுவலகத்தில் குமாஸ்தா. இளையவன் மருந்துக் கடையொன்றில் கணக்கு எழுதுபவன். பேனாவைப் பிடித்திருப்பவன் மூத்தவனே. ஆயினும், செய்த பிழையிலும் சென்ற பிரயாணத்திலும் இருவருக்கும் சம பங்கு உண்டாகையால் 'நாங்கள்' என்று எழுதுவதே நியாயம்.

எங்கள் தந்தையார் அரக்கோணத்துக்காரர். 1975இல் ஜான்சியிலுள்ள சரக்குப் பெட்டிப் பழுதுபார்க்கும் தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்து, முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். 1980இல் ஓய்வுபெற்ற இராணுவத்தினர் ஒருவரிடமிருந்து பழைய புல்லட் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். அது 1971ஆம் ஆண்டில் செய்யப்பட்டது, 350 சி.சி. இயந்திரம், கியர் மிதி வலப்புறம். 'புல்லட்' பிறந்த இடம் இங்கிலாந்து. 1955இல் சென்னை நிறுவனம் ஒன்று ஆங்கில நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கிற்று. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. 1970இல் இங்கிலாந்தில் உற்பத்தி நின்றுபோன பின்னரும் திருவொற்றியூரில் அது நிற்கவில்லை. "இதுவும் நம்மைப்போல் அந்தப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்ததுதான்" என்று தந்தையார் அந்நாளில் கூறுவார்.

எங்கள் அன்னையார் 2019இல், கார்த்திகை மாதத்தில் காலமானார். ஜான்சிக்குப் பதினெட்டுக் கிலோமீட்டருக்குள் ஓர்ச்சா என்னும் ஊர் இருக்கிறது. பந்தேல மன்னர்களின் பழைய தலைநகர். பேத்வா நதிக்கரையில் உள்ளது. அங்குள்ள கோயிலில் இராமபிரான் அரசராகவே வழிபடப்பெறுகிறார். காவலர்கள் அவருக்கு மரியாதை அணிவகுப்புச் செய்வர். அன்னையார் ஆண்டுதோறும் பலமுறை, தந்தையாரின் பின்னே இந்தப் புல்லட்டில் அமர்ந்து அங்கே செல்வது வழக்கம். அவர் மறைந்தபின் ஒவ்வொரு திதியன்றும் தந்தையார் பேத்வாவில் நீராடச் செல்வார். வண்டியை ஓட்டுவது நாங்கள், பின்னால் அமர்வது அவர் என்று வழக்கம் மாறிற்று.

2023ஆம் ஆண்டில் வண்டியின் முன்புறம் தளர்ந்துவிட்டது. பிரேக்கை அழுத்தினால் முகம் கவிழ்ந்தது. பள்ளத்தில் இறங்கினால் இரும்பும் இரும்பும் மோதும் ஓசை எழுந்தது. முன்சக்கரத்தை இருபுறமும் தாங்கிநிற்கும் கவைக்குள், காலுக்கு ஒன்றாக இரண்டு நீண்ட சுருள்விற்கள் இருக்கின்றன. மெக்கானிக்குகள் அக்கவையை 'ஃபோர்க்' என்பர்; இந்தப் பக்கத்தில் 'ஷாக்கர்' என்றால்தான் விளங்கும். விற்கள் போய்விட்டன என்று முடிவு செய்தோம். உள்ளூர்க் கடைக்குச் சென்று, "இருப்பவற்றுள் மிகவும் விறைப்பானதைக் கொடுங்கள்" என்றோம். அவர் கேட்டதைக் கொடுத்தார், அவர்மீது குற்றமில்லை. விறைப்பு என்றால் பலம், பலம் என்றால் பத்திரம் என்று எண்ணிக்கொண்டிருந்த எங்கள் அறியாமைமீதே குற்றம். போதாக்குறைக்கு, ஒவ்வொரு வில்லின் மேலும் 25 மி.மீ. நீளமுள்ள குழாய்த் துண்டொன்றை வைத்து இறுக்கினோம். வண்டி நிமிர்ந்து நின்றது. கைப்பிடியை அழுத்தினால் அசையவில்லை. பெருமை கொண்டோம்.

அவ்வாண்டுத் திதியன்று ஓர்ச்சாச் சாலையின் ஒரு வளைவில் தார் அலையலையாய் எழும்பியிருந்தது. அதன்மேல் சிறு ஜல்லி சிதறியிருந்தது. எதிரே ஓர் எருமை குறுக்கிட, மூத்தவன் பிரேக்கை அழுத்தினான். முன்சக்கரம் அலைகளின் மேல் ஏறி இறங்க வேண்டியது, விறைத்த கவையால் ஒவ்வோர் அலைக்கும் தரையைவிட்டு எழும்பித் துள்ளிற்று. தரையைத் தொடாத சக்கரத்துக்குப் பிடிப்பு ஏது? வண்டி சரிந்தது. எங்களில் ஒருவனுக்கு முழங்காலில் சிராய்ப்பு. தந்தையாருக்கு வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டுடன் இருந்தார். எங்களை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. ஆனால், அதன்பின் அந்த வண்டியின் அருகே செல்லவும் இல்லை. அதுவே எங்களுக்குப் பெருந்தண்டனையாயிற்று.

அடுத்த ஆண்டு, தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் ஒரு மாலை, இளையவன் கவையைக் கழற்றிக்கொண்டிருந்தான். தந்தையார் முற்றத்தில் நாற்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், நெடுநேரங்கழித்து ஒரு கேள்வி கேட்டார்: "இந்த வில் எத்தனை கிலோவுக்கு எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறது என்று பார்த்தீர்களா?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வில் பற்றி மெக்கானிக்கைக் கேட்டிருந்தோம், கடைக்காரரைக் கேட்டிருந்தோம், கைப்பேசியில் அயலார் பேசும் படங்களையெல்லாம் பார்த்திருந்தோம். முப்பத்தைந்து ஆண்டுகள் வில்லோடும் அச்சோடும் வாழ்ந்த ஒருவர் எங்கள் வீட்டு முற்றத்திலேயே இருந்தார். அவரை மட்டும் கேட்கவில்லை.

அன்றிரவு அவர் கூறியவற்றை, பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்குப் பயன்படும் என்பதால் இங்கே தருகிறோம்.

சுருள்வில்லின் விறைப்பை மூன்று அளவுகள் தீர்மானிக்கின்றன: கம்பியின் பருமன், சுருளின் விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை. இவற்றுள் கம்பியின் பருமனே பெரிய மாயக்காரன். விறைப்பு, பருமனின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப உயரும். 4 மி.மீ. கம்பிக்குப் பதில் 4.2 மி.மீ. கம்பியில் அதே வில்லைச் செய்தால், கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. விறைப்போ ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். சிலர் வில்லின் ஒரு துண்டை வெட்டி எறிவர். சுற்றுக் குறைந்தால் வில் குட்டையாவதோடு விறைப்பும் ஏறும் என்பதை அவர்கள் அறியார். மேலே வைக்கும் குழாய்த் துண்டோ விறைப்பைச் சிறிதும் மாற்றாது; வண்டி நிற்கும் உயரத்தை மட்டுமே மாற்றும்.

"பழைய வில் பலம் குறைந்துவிட்டது என்கிறீர்கள். எஃகின் பலம் அவ்வளவு எளிதில் குறையாது. அது குட்டையாகியிருக்கும். அளந்து பாருங்கள்" என்றார் தந்தையார்.

கழற்றி எறியாமல் பரணில் போட்டிருந்த பழைய விற்களை எடுத்து அளந்தோம். ஒன்று மற்றொன்றைவிட 9 மி.மீ. குறைவு! பிறகு, தெருக்கோடி மாவு மில்லின் தராசுக்கு அவற்றைத் தூக்கிச் சென்றோம். வில் வளைந்து ஓடாதபடி உள்ளே ஒரு குழாயைச் செருகி, தராசின்மேல் நிறுத்தி, 20 மி.மீ. அமுங்கும்வரை அழுத்தி எடையைப் படித்தோம். பார்சல்களை எடை போட்டே வயிறு வளர்க்கும் மூத்தவனுக்கு இந்த யோசனை அதற்குமுன் தோன்றாததை எண்ணி மில்காரர் சிரித்தார். பழைய விற்கள் இரண்டும் ஏறத்தாழ 12 கிலோ காட்டின. நாங்கள் வாங்கிய விறைப்பான வில் 15 கிலோவை நெருங்கிற்று. தந்தையார் கூறியபடியே பழைய விற்களின் விறைப்பு மாறவில்லை. உயரம்தான் சமமின்றிக் குறைந்திருந்தது. வண்டிக்குத் தேவைப்பட்டது வேறு வில் அன்று. அதே வில்தான், புதிதாக, ஒத்த சோடியாக.

இரயில் பெட்டிகளிலும் இதுவே முறை என்று அவர் விளக்கினார். பயணிப் பெட்டிகளின் சுருள்விற்களை, குறிப்பிட்ட சுமையை ஏற்றி, அச்சுமையின்கீழ் நிற்கும் உயரத்தைக்கொண்டு ஏ, பி, சி எனப் பிரிப்பார்கள். ஒரு பிரிவின் வில்லோடு மற்றொரு பிரிவின் வில்லைக் கலந்து பூட்டலாகாது. "எல்லாம் நல்ல வில்தான். ஆனால் சேர்த்து வைத்தால் ஒன்று சுமக்கும், ஒன்று வேடிக்கை பார்க்கும்" என்றார்.

இன்னொரு விதியையும் சொன்னார். முன்சக்கரம் தரையைத் தொடாதபடி வண்டியைத் தூக்கி நிறுத்தி, அச்சிலிருந்து விளக்குத் தலைக்கு உள்ள தூரத்தை அளக்க வேண்டும். பிறகு, வழக்கமாகச் செல்பவர்கள் ஏறி அமர்ந்த நிலையில் அளக்க வேண்டும். கவை முழுவதும் அமுங்கக்கூடிய தூரத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை அந்தச் சுமையில் இறங்கியிருத்தல் நலம். மேட்டில் ஏறும்போது அமுங்க இடம் வேண்டும். பள்ளத்தில் சக்கரம் கீழே நீண்டு தரையைத் தொடர்வதற்கும் இடம் வேண்டும். எங்கள் பழைய விற்களில் பாதி தூரம் இறங்கியிருந்தது. விறைப்பானவற்றில் பத்தில் ஒரு பங்குகூட இறங்கவில்லை. நாங்கள் விழுந்ததன் காரணம் அந்தக் கணக்கிலேயே இருந்தது.

ஜான்சியில் பொருத்தமான வில் கிடைக்கவில்லை. ஆகவே தில்லிப் பயணம். புறப்படுமுன் தந்தையார், முறிந்து தேறிய அதே கையால், ஒரு கருவி செய்து கொடுத்தார். ஒரு மீட்டருக்கு மேல் நீளமுள்ள, முழுதும் மரையிட்ட இரும்புக் கம்பி, இரண்டு நட்டுகள், மூன்று வாஷர்கள். அவ்வளவே. அதன் பயனைப் பின்னர்க் கூறுவோம்.

நள்ளிரவு கடந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஜான்சிக்கு வந்தது. சென்னையில் ஏறியவர்கள் அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தார்கள். எவரோ கட்டிவந்த புளிச்சோற்றின் மணம் பெட்டியில் இன்னும் தங்கியிருந்தது. குவாலியர் தாண்டி, சம்பல் நதிப் பாலத்தின் ஓசையை உறக்கத்தினூடே கேட்டு, காலையில் புது தில்லி சேர்ந்தோம். மெட்ரோ நிலையத்தின் சோதனை வாயிலில் எங்கள் கம்பி காவலரின் கவனத்தைக் கவர்ந்தது. "இது என்ன?" என்றார். பையிலிருந்த பழைய வில்லை எடுத்துக் காட்டி, தந்தையார் வில்லை அளந்து வாங்கச் சொல்லியிருக்கிறார் என்றோம். அவர் வில்லையும் கம்பியையும் எங்களையும் மாறிமாறிப் பார்த்தார். "புல்லட்டா?" என்று கேட்டார். ஆம் என்றதும் வழிவிட்டார். ராஜீவ் சௌக்கில் வண்டி மாறி, வானளாவ நிற்கும் அனுமன் சிலையைச் சன்னலில் கண்டு, கரோல் பாக் நிலையத்தில் இறங்கினோம். அங்கே செல்ல விரும்பும் அன்பர்கள் திங்கட்கிழமையைத் தவிர்க்க. அன்று கடைவீதிக்கு விடுமுறை.

கரோல் பாக் நம்மவர்க்குப் புதிய பெயரன்று. தில்லிக்கு அரசாங்க உத்தியோகம் நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே தலைமுறைகளாக வாழ்ந்தன. 1947இல் பிரிவினையின்போது மேற்குப் பஞ்சாபிலிருந்து எல்லாம் இழந்து வந்தவர்கள் அங்கே கடைகள் வைத்து மீண்டும் எழுந்தார்கள். அதன் நாய்வாலா தெருக்களில் நுழைந்தால், அது மோட்டார் சைக்கிள்களின் தனி உலகம். இருபுறமும் எண்ணெய்த் தொட்டிகள் பழங்களைப்போல் தொங்குகின்றன. சக்கர வளையங்கள் தோரணங்களாகின்றன. நடைபாதையில் பெட்ரோலில் கழுவிய இயந்திர உறுப்புகள் வெயிலில் காய்கின்றன. லடாக்குக்குச் செல்லும் இளைஞர் கூட்டம் வண்டிகளைப் பூட்டிக்கொண்டு நிற்கிறது.

முதற் கடையில், "லடாக்குக்கா? இதோ, கனமான வில்" என்று எடுத்து வைத்தார்கள். "லடாக்குக்கு அன்று, ஓர்ச்சாவுக்கு" என்றோம். அவருக்கு விளங்கவில்லை. இரண்டாவது கடையில் ஒரு புதுவகை வில் காட்டினார்கள். அதன் ஒரு முனையில் சுற்றுகள் நெருங்கியும் மறுமுனையில் அகன்றும் இருந்தன. மெல்லிய அதிர்ச்சியில் நெருங்கிய சுற்றுகள் முதலில் மூடிக்கொள்ளும். பேரதிர்ச்சியில் மீந்த சுற்றுகள் விறைப்பாக எதிர்க்கும். நல்ல ஏற்பாடுதான். ஆயின் அது பிற்காலத்து வண்டிக்குரியது. எங்கள் கவைக்குள் நுழையும் விட்டமும் அன்று.

மூன்றாவது கடை ஒரு சந்தின் முடிவில், ஆறடி அகலத்தில் இருந்தது. தலைப்பாகை அணிந்த முதியவர் ஒருவர் தேநீர் அருந்திக்கொண்டிருந்தார். பழைய வில்லைக் காட்டியதும், எதையும் எடுத்து வைக்காமல், "வண்டியில் யார் அமர்வார்கள், மகனே?" என்று இந்தியில் கேட்டார். ஓட்டுபவன் 68 கிலோ, பின்னே 74 வயதுத் தந்தையார், 60 கிலோ என்றோம். தலையசைத்து, பின்புறமிருந்து ஒரு தட்டு நிறைய விற்களைக் கொண்டுவந்தார். ஏறத்தாழ இருபது இருக்கும்.

அப்பொழுது தந்தையாரின் கம்பியை எடுத்தோம். பழைய வில்லையும் புதிய வில்லையும் அக்கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, இடையிலும் இரு முனைகளிலும் வாஷர் வைத்து, நட்டை இறுக்கினோம். ஒரே கம்பியில் வரிசையாக நிற்கும் இரண்டு விற்களும் ஒரே விசையைத்தான் தாங்குகின்றன. ஆகையால், மெலிந்தது அதிகம் அமுங்கும். விறைத்தது குறைவாக அமுங்கும். ஒத்தவை ஒத்தே அமுங்கும். தராசு வேண்டா, சூத்திரம் வேண்டா, ஓர் இரும்பு அளவுகோல் போதும். முதலில் எடுத்த வில், பழைய வில்லோடு மில்லிமீட்டர் பிசகாமல் அமுங்கிற்று. அதன்பின் புதிய விற்களையே இரண்டிரண்டாகக் கோத்து, நீளத்திலும் அமுக்கத்திலும் ஒத்த சோடியைத் தேடினோம். ஏழாவது முறையில் கிடைத்தது. கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பார்த்தோம், கோணலின்றி ஓடிற்று.

முதியவர் தேநீரை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். கம்பியைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, "இதை யார் செய்தார்?" என்று கேட்டார்.

"எங்கள் தந்தையார். இரயில்வே ஃபிட்டர்."

"அவரை அழைத்து வந்திருக்கலாமே" என்றார் முதியவர்.

எங்களிடம் அதற்கு விடை இல்லை. சோடியின் விலை எங்கள் ஒருநாள் சம்பளத்துக்கும் குறைவு. ஓராண்டுக்கு முன் இந்த அளவு சிரமம் எடுத்திருந்தால் ஒரு மணிக்கட்டு தப்பியிருக்கும் என்ற எண்ணம் திரும்பும் வழியெல்லாம் எங்களோடு வந்தது.

வீடு சேர்ந்தபின் பூட்டும் வேலையைத் தந்தையாரே நாற்காலியிலிருந்து நடத்தினார். இரண்டு விற்களையும் ஒருசேர மாற்றவேண்டும், ஒன்றைமட்டும் மாற்றலாகாது. கவைக் குழாய்கள் நேராக உள்ளனவா என்று பார்க்கவேண்டும். ஆயில் சீல்களைப் புதிதாக இடவேண்டும். இரு கால்களிலும் எண்ணெய் ஒரே அளவாக, அளந்தே ஊற்றவேண்டும். வில் சுமையைத் தாங்கும். வில்லின் துள்ளலை அடக்குவது எண்ணெய். எண்ணெயின்றி எவ்வளவு நல்ல வில்லும் ஊஞ்சலாகிவிடும். அச்சை இறுக்குமுன் கவையைப் பலமுறை அமுக்கி விட்டு, கால்கள் தம் இடத்தில் தாமே அமரும்படி செய்யவேண்டும். முடித்தபின் நாங்கள் இருவரும் ஏறி அமர்ந்தோம். அவர் குனிந்து அளந்தார். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. "சரி" என்றார். அதற்குமேல் ஒன்றும் கூறவில்லை. நாங்களும் கேட்கத் துணியவில்லை.

கார்த்திகைத் திதியன்று தந்தையார் ஆட்டோ ரிக்ஷாவில்தான் ஓர்ச்சாவுக்குப் புறப்பட்டார். நாங்கள் புல்லட்டில் பின்னே சென்றோம். பழைய வளைவில் தார் இன்னும் அலையலையாகவே இருந்தது. மெதுவாகப் பிரேக்கை அழுத்தினோம். முன்சக்கரம் ஒவ்வோர் அலையிலும் இறங்கி ஏறிற்று; தரையை விடவில்லை. முன்னே சென்ற ஆட்டோவின் பின்துணியை விலக்கிக்கொண்டு தந்தையார் எட்டிப் பார்த்ததை இருவரும் கண்டோம்.

பேத்வாவில் நீராடி, எள்ளும் நீரும் இறைத்து, மன்னர்களின் நினைவு மண்டபங்களின் நிழலில் சிறிது நேரம் அமர்ந்திருந்தார். பிறகு கோயிலில் வணங்கி வெளியே வந்தோம். ஆட்டோக்காரர் வண்டியைத் திருப்பி நிறுத்தியிருந்தார். தந்தையார் அவருக்குரிய பணத்தை எண்ணிக் கொடுத்தார். "சின்னவன் இதில் வரட்டும்" என்றார்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூத்தவனின் தோளில் வலது கையை வைத்து ஏறி அமர்ந்தார். முன்கவை சற்றே அமுங்கி, நின்றது. வளைவு வந்தபொழுது தோள்மீதிருந்த பிடி இறுகிற்று. வளைவு கடந்தபின் தளர்ந்தது. வீடு வரையில் அவர் கையை எடுக்கவில்லை.